லாரிக்காரர் மகள் பதில்கள்: பிளாட்பெட்டும் கேம்பரும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். பிக்கப் டிரக்கின் பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, சமதளமான பிளாட்பெட் போட்டு, அதன்மேல் ஏற்றி இறக்கும் கேம்பர் வைத்துக்கொள்வது பற்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் இருப்பது கொலராடோ மாநிலம் கிராண்ட் ஜங்ஷன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பிறந்தது நாமக்கல், அப்பா லாரி வைத்து ஓட்டியவர். எங்களிடம் இருப்பது ராம் 3500 பிக்கப், பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள ஒற்றைச் சக்கர வகை, அலுமினிய பிளாட்பெட், அதன்மேல் கெட்டிச் சுவர் வைத்த கேம்பர். கேம்பர் என்றால் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் இல்லை. வண்டியின் மேலேயே உட்கார்ந்து வரும் அறை. படுக்கை டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க், உட்கார ஒரு மேஜை.

கேள்வி: எங்களிடம் ஃபோர்டு எஃப்-150 இருக்கிறது. டிரைவர் கதவு ஸ்டிக்கரில் பேலோட், அதாவது வண்டி சுமக்கலாம் என்கிற எடை, 1,740 பவுண்டு. 1,650 பவுண்டில் ஒரு கேம்பர் பார்த்து வைத்திருக்கிறோம். விற்பவர் "தாராளமாகத் தாங்கும், வேண்டுமானால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை, அதான் ஏர்பேக், போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். நாங்கள் நான்கு பேர். வாங்கலாமா அக்கா?
வாசகர், டென்வர்

வாங்காதீர்கள். ஏன் என்று கூட்டிப் பார்த்துவிடுவோம்.

1,650 என்பது கம்பெனி பட்டியலில் போடுகிற வெறும் எடை. தண்ணீர் கிடையாது, கேஸ் கிடையாது, பல சமயம் பேட்டரியும் கேம்பரைத் தூக்கி இறக்கும் ஜாக்கியும்கூட அதில் சேராது. ஃபிரிட்ஜ், சோலார், பேட்டரி, ஜாக்கி, பக்கவாட்டு நிழல்துணி என்று ஆர்டர் தாளில் நீங்கள் டிக் அடிக்கிற சாமான்களுக்கு 250 பவுண்டு வையுங்கள். ஆயிற்று 1,900. தண்ணீர் 20 கேலன் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கேலனுக்கு 8.34 பவுண்டு வீதம் 167. கேஸ் சிலிண்டர் ஒன்று, உருளையும் உள்ளே இருக்கும் 20 பவுண்டு கேஸும் சேர்த்து 37. பாத்திரம், அரிசி, போர்வை, துணிமணி, மடக்கு நாற்காலி எல்லாவற்றுக்கும் 300 போட்டால் நான் கருணை காட்டுகிறேன் என்று அர்த்தம். அப்புறம் நீங்கள் நான்கு பேர். ஸ்டிக்கரில் சொல்கிற பேலோடில் ஆட்களும் அடக்கம், டிரைவர் உட்பட. பிள்ளைகள் சின்னவர்கள் என்றே வைத்து 520 போடுகிறேன்.

மொத்தம் 2,924. உங்கள் வண்டிக்கு அனுமதி 1,740. ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு கூடுதல்.

ஏர்பேக் கதைக்கு வருகிறேன். அது பின்பக்கம் தொங்குவதை நிமிர்த்திக் காட்டும், அவ்வளவுதான். பிரேக், ஆக்சில் ஹவுசிங், வீல் பேரிங், டயர் இவற்றில் எதையும் அது பெரிதாக்காது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது. ஓவர்லோடு வண்டி நகருமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம், நன்றாகவே நகரும். நிற்குமா என்பதுதான் கேள்வி. நீங்கள் டென்வர்க்காரர், வாரக் கடைசியில் ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போவீர்கள். ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அதைத் தாண்டியதும் சில்வர்தார்ன் வரை ஒரே இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை போட்ட ஏற்றப்பாதை அங்கே வழியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் ஆயிரம் பவுண்டு கூடுதலோடு உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கேம்பர்தான் வேண்டும் என்றால் முதலில் வண்டியை மாற்றுங்கள். முக்கால் டன் அல்லது ஒரு டன் என்று சொல்கிற கனமான பிக்கப் வகுப்பில் (அது வகுப்பின் பெயர்தான், சுமக்கும் எடை இல்லை), பெட்ரோல் எஞ்சின். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கனம். அதே மாடலில் பெட்ரோல் வண்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள், பேலோட் கூடுதலாக இருக்கும். இழுப்பதற்கு டீசல், சுமப்பதற்குப் பெட்ரோல் என்பது என் கட்சி. டீசல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கேள்வி: சாதாரண பிக்கப் தொட்டியிலேயே வைக்கிற கேம்பர் எத்தனையோ இருக்க, பிளாட்பெட் எதற்கு? வீண் செலவு இல்லையா?
வாசகர், ஹூஸ்டன்

செலவுதான். வீணா என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிக்கப் தொட்டிக்குள் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்புகளுக்கு நடுவில் கிடைப்பது நாலடியும் சில அங்குலமும்தான். சாதாரண கேம்பரின் அடிப்பாகம் அந்த இடுக்கில் நுழைய வேண்டும் என்பதால் கீழே குறுகி, மேலே அகன்று இருக்கும். உள்ளே நடக்கிற தரை ஒற்றையடிப் பாதை. பிளாட்பெட்டில் இந்தத் தொல்லை கிடையாது. சுவர் நேராகக் கீழே இறங்கும், தரை முழு அகலத்துக்கும் கிடைக்கும். கதவைப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வைக்கலாம். பிளாட்பெட் பலகைக்குக் கீழே, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பெட்டிகள் மாட்டலாம். எங்கள் வண்டியில் ஜாக்கி, சங்கிலி, தண்ணீர்க் குழாய், சேற்றுச் செருப்பு எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான். கேம்பருக்குள் மண் வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அது ஒன்றே போதும்.

சரி, கெடுதல்களையும் சொல்லிவிடுகிறேன், விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பலகை டயருக்கு மேலே ஓட வேண்டும், ஆகவே தொட்டியின் தரையைவிட உயரத்தில் நிற்கும். அதன்மேல் உட்காரும் கேம்பரும் அத்தனை அங்குலம் உயரும். வளைவில் ஆட்டம் கூடும். கெட்டியான ஸ்வே பார் போட்டால் அடங்கும், ஆனால் முற்றிலும் போகாது. ஏறி இறங்குகிற படியும் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் பத்துத் தடவை ஏறி இறங்கிப் பாருங்கள்.

தொட்டியைக் கழற்றினால் அதோடு போகிற சாமான்களும் நிறைய. பின்னால் பார்க்கும் கேமரா, பார்க்கிங் சென்சார், பின்விளக்கு, பெட்ரோல் ஊற்றும் வாய் எல்லாவற்றுக்கும் மாற்று இடம் செய்ய வேண்டும். பெட்ரோல் வாய் சரியான சரிவில் வைக்கப்படாவிட்டால் பெட்ரோல் பங்கில் குழாயின் துப்பாக்கிக் கைப்பிடி டக் டக்கென்று நின்றுகொண்டே இருக்கும், ஒரு டாங்க் நிரப்ப அரை மணி நேரம். வேலையைக் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் இதைக் கேளுங்கள். கழற்றிய தொட்டி புதிதாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முக்கியமான இன்னொன்று. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும்போது சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து யூ-போல்ட் போட்டு முடுக்குவார்கள். சேஸிஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக் கொடுக்கும் பொருள். பாடி அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்காவது வெல்டிங் விடும். பிக்கப்புக்கும் அதே நியாயம்தான். மண் பாதையில் ஓட்டப் போகிறவர்கள், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்துப் பிணைத்த பிளாட்பெட்டாகப் பார்த்து வாங்குங்கள். தார்ச் சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு நேரடியாகப் பிணைத்ததே போதும்.

பிளாட்பெட் போட்ட பிறகு கதவு ஸ்டிக்கரின் பேலோட் எண் செல்லாக்காசு. அது தொட்டியோடு வந்த வண்டிக்கான கணக்கு. இரும்புப் பலகை என்றால் எடை கணிசமாகக் கூடியிருக்கும். வெறும் பிளாட்பெட்டோடு, டாங்க் நிரப்பி எடை போட்டு, வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து அதைக் கழித்தால் வருவதே உங்கள் உண்மையான பேலோட்.

கேள்வி: எடை போடு, எடை போடு என்கிறீர்கள். எங்கே, எப்படி?
வாசகி, ஃபிரீமாண்ட்

நெடுஞ்சாலை ஓரம் பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்று எடை மேடையின் பெயர்ப்பலகை இருக்கும். பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கு உள்ளதுதான், நம்மையும் விடுவார்கள். சுமார் 15 டாலர். மெதுவாக ஏறி, முன்சக்கரம் முதல் தட்டிலும் பின்சக்கரம் இரண்டாவது தட்டிலும் நிற்கும்படி நிறுத்துங்கள். பக்கத்துக் கம்பத்தில் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஸ்பீக்கரில் ஒரு குரல் டிரக் நம்பரும் கம்பெனி பெயரும் கேட்கும். "பிரைவேட்" என்று சொன்னால் போதும். பிறகு வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் லாரிகள் காத்திருக்கும், தட்டின் மேலேயே நிறுத்திவிட்டுக் காபி வாங்கப் போகாதீர்கள்.

சீட்டில் முன் ஆக்சில் எடை, பின் ஆக்சில் எடை, மொத்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். கதவு இடுக்கில் உள்ள இன்னொரு ஸ்டிக்கரில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் வரம்பு அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வண்டியின் பின் ஆக்சில் வரம்பு 7,000 பவுண்டு. தண்ணீர், கேஸ், சாமான், நாங்கள் இருவர் என்று முழு லோடில் வருவது 6,640. டயரையும் மறக்காதீர்கள். எங்களுடையது எல்டி 275/70 ஆர்18, இ வகை. 80 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் 7,280. கணக்கு ஒத்துப்போகிறதா, நிம்மதி. காற்று குறைந்தால் இந்த எண்ணும் குறையும்.

எடை போடப் போகிற அன்று தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வண்டிக்குள் இருக்க வேண்டும். நல்ல பெயர் வாங்குவதற்காகக் காலி வண்டியை எடை போட்டுச் சீட்டை எனக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டு யாரை ஏமாற்ற என்று எனக்குப் புரிவதில்லை.

கேள்வி: கேம்பரை ஒற்றை ஆளாக இறக்கி ஏற்ற முடியுமா? எனக்கு வயது 58.
வாசகி, டூசான்

முடியும். நான் செய்கிறேன். மின்சார ஜாக்கி நான்கு மூலையிலும் இருக்க வேண்டும், இடம் சமமாக இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் தொடாதீர்கள்.

முதல் வேலை, வண்டிக்கும் கேம்பருக்கும் நடுவில் போகிற மின்கம்பியைப் பிடுங்குவது. மற்றதை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, ஓட்டும்போது கம்பி அறுந்தது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்தது பிணைப்புகளைத் தளர்த்துவது. எங்களுடையது ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் (திருகி முடுக்கும் கம்பி), நான்கு. ஜாக்கிக் கால்களுக்கு அடியில் கனமான பலகைத் துண்டு வையுங்கள். வெயிலில் இளகிய தாரில் கால் புதைந்துவிடும். பிறகு ரிமோட்டில் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

இந்த இடத்தில் கண் பின்சக்கரத்தின் மேல் இருக்கட்டும். கேம்பர் இன்னும் பலகையில்தான் இருப்பது போலத் தெரியும், ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொன்றாக விரிந்து, வண்டியின் பின்பக்கம் கேம்பரோடு சேர்ந்தே மேலே எழும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகலும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். அப்போதுதான் முழு எடையும் ஜாக்கிக்கு வந்திருக்கிறது. பலகையில் விரித்த அடிரப்பர் கேம்பரின் அடியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பொத்தென்று பலகையில் விழும் சத்தம் கேட்கும். அதற்குமேல் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திவிட்டு, வண்டியை நேராக முன்னால் எடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பவே கூடாது. எடுத்ததும் கேம்பரைத் தாழ இறக்கிவிடுங்கள். நீளக் காலில் நிறுத்தி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவது ஆபத்து. ஒரு காற்று போதும்.

ஏற்றுவதுதான் நேரம் பிடிக்கும். தொட்டி வைத்த பிக்கப்பில் பக்கச் சுவர் வழிகாட்டும்; பிளாட்பெட்டில் அது கிடையாது. பலகையில் நடுக்கோட்டை வெள்ளைப் பெயின்டால் போட்டுக்கொள்ளுங்கள், கேம்பரின் முன்சுவரிலும் ஒரு கோடு. பலகையின் முன்னால் இரண்டு மூலையிலும் இரும்பு முட்டுக்கட்டை வெல்டு செய்து வைத்தால் கேபினில் இடிக்காது. ஜாக்கி வாங்கும்போதே பிளாட்பெட்டின் அகலத்தைச் சொல்லி, கால்கள் வெளியே தள்ளி நிற்கும்படி பிராக்கெட் கேளுங்கள். தொட்டிக்கு அளவெடுத்த ஜாக்கி இங்கே இடிக்கும்.

ஏற்றி முடுக்கிய பிறகு முதல் இருபது முப்பது மைலில் ஓரங்கட்டி, டர்ன்பக்கிளை மறுபடி முடுக்குங்கள். கட்டாயம் ஒன்றாவது இளகியிருக்கும்.

கேள்வி: கேம்பருக்குள் நம் சமையல் நடக்குமா? ராக்கி மலைக்குப் போனபோது டெண்ட்டில் வைத்த சாதம் வேகவே இல்லை.
வாசகி, பிளேனோ

அரிசி மேல் குற்றமில்லை. 10,000 அடி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. அரிசியாவது ஒருவழியாக வெந்துவிடும்; துவரம் பருப்பு சாயங்காலம் வரை கல் மாதிரி கிடக்கும். குக்கர் எடுத்துப் போங்கள், இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள். கேம்பரில் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, இரும்புத் தோசைக்கல் ஒன்று, வாணலி ஒன்று. இதற்கு மேல் நான் எதையும் ஏற்ற விடுவதில்லை.

மாவு விஷயம். அரைத்த மாவை வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறவர்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சுறுசுறுப்பாகப் பொங்கும். அதோடு மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், இறுக்கி மூடிய டப்பாவின் மூடி தானாகக் கழன்றுகொள்ளும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, டப்பாவைச் சிங்குக்குள் நிற்க வைத்துப் போவது என் வழக்கம். வழிந்தால் வடிகாலில் போகட்டும்.

தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடிக்கிற புகைக்கு உள்ளே இருக்கிற புகை அலாரம் காது கிழியக் கத்தும். அதற்காக அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். சின்ன அறையில் கேஸ் அடுப்பு எரியும்போது மேல் ஜன்னலும் பக்க ஜன்னலும் ஒரு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அதனால்தான் கேஸ் அலாரத்தைக் காலடியில் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அரிசி மூட்டையைச் சாய்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: உயரத் தடுப்புகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து டர்ஹாம் பாலத்தைத் தெரியும் அல்லவா?
வாசகர், கேரி, வட கரோலினா

தெரியாமல் என்ன, ஊர் உலகத்துக்கே தெரியும். 11 அடி 8 அங்குலத்தில் நின்று எத்தனையோ வாடகை லாரிகளின் கூரையைச் சீவிய ரயில் பாலம். 2019இல் எட்டு அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

எங்கள் கேம்பர் கூரை ஏசியின் மூடி வரை 11 அடி 10 அங்குலம். பழைய பாலமாக இருந்தால் ஏசி போயிருக்கும். கம்பெனி தாளில் உள்ள உயரத்தை நம்பாதீர்கள். அது கேம்பரின் உயரம், உங்கள் பிளாட்பெட்டும் டயரும் அவர்களுக்குத் தெரியாது. சமதரையில் நிறுத்தி, ஏணி வைத்து, கூரையின் உச்சியில் நேர்ப்பலகை ஒன்றை நீட்டிப் பிடித்து, அங்கிருந்து டேப் விட்டு அளந்து பாருங்கள். அந்த அளவை வெயில் மறைப்பின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். சாமான் இல்லாதபோது வண்டி இன்னும் ஓர் அங்குலம் உயரும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

யூட்டா பக்கம் வருகிறவர்கள் சயான் பூங்காவின் கிழக்குச் சாலைச் சுரங்கத்தைக் கவனிக்க வேண்டும். 1930இல் திறந்தது. உயரம் 11 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 10 அங்குலம் இவற்றைத் தொட்டாலோ மிஞ்சினாலோ நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. அகலத்தில் கண்ணாடியும் ஜாக்கியும் சேர்த்தி. நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஐ-15 வழியாகப் போய் ஸ்பிரிங்டேல் வாசலில் நுழைந்து, அதே வழியில் திரும்புகிறோம். கிழக்குக் கரைக்காரர்கள் பால்டிமோரில் கவனம்: துறைமுகச் சுரங்கங்களில் நம் சிலிண்டர் அளவு கேஸோடு விடமாட்டார்கள். முன்பு கீ பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்த பிறகு, ஊரின் மேற்குப் பக்கம் 695 வட்டச் சாலையில் சுற்ற வேண்டியிருக்கிறது.

உயரத்தைவிட எனக்குப் பயம் காற்று. வயோமிங்கில் ஐ-80, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில். உயரமான, லேசான வண்டிகள் வரக்கூடாது என்று சாலையோர மின்பலகையில் எழுத்து ஓடினால், நமக்கில்லை என்று நினைக்காதீர்கள். நமக்கும்தான்.

கேள்வி: ஓடும்போது பிள்ளைகள் மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டு வரலாமா?
வாசகி, அட்லாண்டா

கூடாது. கேம்பரில் பயணம் செய்வது பற்றிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆனால் உள்ளே சீட் பெல்ட் கிடையாது, பிரேக் அடித்தால் பிள்ளை எங்கே போய் விழும் என்று யோசியுங்கள். சட்டம் அனுமதிக்கிறது என்று யாராவது சொன்னாலும் என் பதில் இதுதான். அதனால்தான் நான்கு கதவு வண்டி வாங்கச் சொல்கிறேன்.

கேள்வி: குளிர்காலத்தில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. சோலார் பழுதா?
வாசகர், மினியாபொலிஸ்

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். நல்ல பேட்டரி தானே மறுத்துவிடும். மின்சாரம் கொடுக்கும், வாங்கிக்கொள்ளாது. பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து கேம்பருக்குள் மாற்றுங்கள், அல்லது உள்ளேயே சூடேற்றி வைத்த பேட்டரி வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டியும் உள்ளேதானே இருக்கிறது? வெளியே இருந்தால் உங்கள் ஊரில் அக்டோபருக்குப் பிறகு அதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஹோட்டல் செலவு மிச்சமாகுமா? கணக்குப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறோம்.
வாசகர், சான் ஹோசே

கணக்குப் பார்த்தால் வாங்கவே மாட்டீர்கள். வண்டி, பிளாட்பெட், கேம்பர் மூன்றும் சேர்ந்த பணத்துக்கு வருஷக்கணக்கில் நல்ல ஹோட்டலிலேயே தங்கலாம். காலி வண்டிக்கும் கேம்பர் ஏற்றிய வண்டிக்கும் பெட்ரோல் செலவில் வித்தியாசம் பங்கில் நிற்கும்போதே தெரியும்.

கிடைப்பது வேறு. எங்கள் ஊரைச் சுற்றி பி.எல்.எம். என்கிற அரசு நில மேலாண்மைத் துறையின் பொதுநிலம் ஏராளம். பெரும்பாலான இடங்களில் காசு கொடுக்காமல் தங்கலாம்; பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை. தண்ணீர், கக்கூஸ் எதுவும் இருக்காது, நாம்தான் கொண்டுபோக வேண்டும், கழிவையும் திரும்ப எடுத்து வர வேண்டும். டிரெய்லர் போக முடியாத குறுகல் மண் பாதையில் கேம்பர் போகும், திரும்பவும் இடம் போதும். மோவாப் பக்கம் ஈஸ்டர் விடுமுறையில் ஹோட்டல் அறை கேட்டுப் பாருங்கள், அப்போது புரியும். இன்ஷூரன்ஸ் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பல மாநிலங்களில் கேம்பர் சட்டப்படி வண்டியே கிடையாது, வெறும் சரக்கு. டிரக்கின் பாலிசியில் அது தானாகச் சேரும் என்று நினைக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த டூயலிதான் வேண்டும் என்கிறார். எனக்கு ஒற்றைச் சக்கரமே போதும் என்று தோன்றுகிறது. நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.
வாசகி, ஃபீனிக்ஸ்

குடும்பச் சண்டையில் என்னை இழுக்கிறீர்கள். நீங்கள் எந்த கேம்பர் என்று எழுதவில்லை, ஆகவே இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

கெட்டிச் சுவர் கேம்பர், குளியலறை, பக்கம் நீளும் அறை எல்லாம் வேண்டும் என்கிற கட்சி என்றால் முழு லோடில் பின் ஆக்சில் 7,000 பவுண்டைத் தாண்டிவிடும். அப்போது அவர் சொல்வதுதான் சரி. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கும்; காற்றில் ஆட்டமும் குறையும். கூரையைத் தூக்கி இறக்குகிற லேசான கேம்பர் என்றால் நீங்கள் சொல்வது சரி. டூயலியின் இடுப்பு எட்டடி அகலம். மால் பார்க்கிங்கில் இரண்டு இடம் அடைக்கும், கார் கழுவுகிற தானியங்கிச் சுரங்கத்தில் சேர்க்க மாட்டார்கள், மண் பாதையில் இரட்டை டயருக்கு நடுவில் கல் சொருகிக்கொள்ளும். அதைக் கம்பி வைத்துத் தட்டி எடுப்பது யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேம்பரின் பெயர், அதன் வெறும் எடை, எத்தனை பேர் போகிறீர்கள், இந்த மூன்றையும் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் கூட்டிப் போட்டுத் தருகிறேன். அதுவரை இரண்டு பேரும் முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.